மூன்று மாதமாகத் தொழுகை இல்லை

“தொழச் சொல்லித்தான் மருந்து தந்தாரு, ராத்தா.”

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சொன்னவளுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் ஆசுபத்திரிச் சீட்டும் சிவப்பு மருந்துப் போத்தலும் இருந்தன.

“டொக்டருக்கு நீ என்னெண்டு சொன்னாய்?” என்றாள் மூத்தவள்.

“மூணு மாசமாத் தொழுகை இல்லெண்டு சொன்னன்.”

“அப்படிச் சொன்னா ரத்தம் போகுதெண்டு நம்மட பொம்புளயளுக்கு விளங்கும். ஊருக்குப் புதுசா வந்த மனிசனுக்கு எப்படி விளங்கும்?”

“ஆம்புளக்கிட்ட வேற எப்படிச் சொல்ற? அஞ்சு நேரமும் தொழுதா மனசு அமைதியாகுமெண்டு சொன்னாரு.”

“உன்ட மாப்பிள்ளை பக்கத்துலதானே நிண்டாரு? அவருக்கு விளங்குமே.”

“அவருக்கு வெக்கம். ஓம் டொக்டர் எண்டு தலையாட்டினாரு.”

அவள் கணவர் சாரதிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

“நாளைக்குத் திரும்பப் போவம். நான் கதைக்கிறன்.”

“இனி ஏலா, ராத்தா. இந்த வயசுல அது தானா நிண்டிருமெண்டு எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு முந்தி நான் நிண்டிருவன்.”

மூத்தவள் சீட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “இங்கிலீசுல என்ன கிடக்கோ.”

பின்னால் இருந்த எனக்கு அதை வாசிக்க முடிந்தது. ‘தொழுவதில்லை. மனச்சோர்வு. இரண்டு கிழமைக்கு மருந்து.’ முப்பது வருடம் அரசாங்கக் கோப்பு பார்த்தவன் நான். பதிவில் பிழையில்லை, நோயாளி சொன்னது சொன்னபடியே இருந்தது.

பாலமுனையில் அவர்கள் இறங்கும்போது, இளையவள் எழுந்த இருக்கையை மூத்தவள் தன் முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள்.