வீங்கிய காலுக்கு எண்ணெய் வேண்டாம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சங்கத் தலைவர் ஐயா ஞானசம்பந்தம் அவர்களே! பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே! சுமந்து, பெற்று, சோறூட்டி, ஒரு சமுதாயத்தையே வளர்த்தெடுத்த என் தாய்மார்களே! வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கும் கிளினிக் தாதி ரமணியாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

இன்று எதைப் பேசப் போகிறேன்? குருதியைப் பேசப் போகிறேன். ஓடும்வரை உயிர் காக்கும் குருதி, உள்ளே உறைந்துவிட்டால் அந்த உயிரையே கேட்கும்! காலின் ஆழத்து ரத்தக் குழாயில் ஓசையில்லாமல் ஒரு கட்டி உருவாகும். அது பிய்த்துக்கொண்டு புறப்பட்டால் நேரே நுரையீரலில் போய் அடைக்கும். யாருக்கு வரும்? நாளெல்லாம் லோரியில் உட்கார்ந்தே ஓட்டுபவருக்கு வரும். அறுவை செய்து படுத்துக் கிடப்பவருக்கு வரும். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கும் வரும்! அப்படி வந்த ஒரு வீட்டுக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இதே கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்ற கார்த்திகா என்ற மருமகள். அவளைப் பத்தியத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் மாமியார் இராஜம்மா. என்ன பாசம் தெரியுமா! கீழே கால் வைக்க விடவில்லை. வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரை மடக்குக் கணக்கில் கொடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவமனை கொடுத்தனுப்பிய ஊசிகளை என்ன செய்தார்? பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்!

நான் போய் நின்றபோது இராஜம்மா கையில் சுடவைத்த எண்ணெய். மடியில் மருமகளின் இடது கால். ஒரு கால் வாழைத்தண்டு போல. மற்றது மரவள்ளிக்கிழங்கு போல வீங்கி, சிவந்து, கொதிக்கிறது. கட்டைவிரலால் அழுத்தி உருவத் தொடங்குகிறார்.

"அம்மா, கைய எடுங்க!" என்றேன்.

"நரம்பு பிடிச்சிருக்கு சிஸ்டர், ரெண்டு உருவு உருவுனா சரியாயிடும் லா. மூணு பெத்தவ நான்."

"ஊசி எங்கம்மா?"

"ஏற்கனவே ரத்தம் போயிக்கிட்டே இருக்கு. இதுல ரத்தத்தத் தண்ணியாக்குற ஊசி வேறயா?"

கோபம் வந்தது எனக்கு. ஆனாலும் அந்த முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. யாரைத் திட்டுவேன்? அப்போது கார்த்திகா மெல்லச் சொன்னாள்: "சிஸ்டர், காலையிலேருந்து மூச்சு வாங்குது. நெஞ்ச என்னமோ பிடிக்குது."

தாய்மார்களே, நான் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை! ஆம்புலன்சுக்குப் போன் அடித்தேன். அந்தக் காலை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். தொடைக் குழாயில் ஒரு ரத்தக் கட்டி. அதில் ஒரு துண்டு முன்பே நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. இன்னொரு துண்டு போயிருந்தால்? பால் குடிக்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? "என் கையாலேயே கொன்னிருப்பேனே"  என்று இராஜம்மா வராந்தாவில் உட்கார்ந்து கதறினார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

யாரங்கே, "கால் உருவுறதே தப்பா சிஸ்டர்" என்று கேட்பது? அக்கா, அசதிக்கு உருவுங்க, நான் வேணாங்கல. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, வலிச்சு, சூடா இருந்தா எண்ணெய மூடி வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆம்புலன்சை அழையுங்கள்!

பத்தியம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? மிளகு ரசம் வையுங்கள், பூண்டுக் குழம்பு வையுங்கள், எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள்! ஆனால் டாக்டர் தடுக்காதவரை தண்ணீர் கொடுங்கள். தாயை எழுப்பி நடக்க விடுங்கள். எழுதிக் கொடுத்த ஊசியை நிறுத்துவதென்றால் கொடுத்தவரைக் கேட்டு நிறுத்துங்கள். லோரி ஓட்டும் அண்ணன்மாரே, துறைமுகத்தில் வரிசை நகராத நேரம் இறங்கி நடங்கள். இருக்கையிலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய் இது! தடுக்கக்கூடியதற்கு நாம் ஏன் பிணம் தூக்க வேண்டும்?

மண்டபத்தின் கடைசியில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் என் பேச்சு முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறாளே ஒரு பெண், திரும்பிப் பாருங்கள். அவள்தான் கார்த்திகா! உட்கார விடாமல் கூடவே நடக்கிறவர்தான் இராஜம்மா!

கை தட்டுகிறீர்கள். போதாது! உட்கார்ந்து வெகு நேரமாகிவிட்டது. தலைவர் ஐயா உட்பட எல்லோரும் எழுந்திருங்கள். எழுந்து, அந்தத் தாயோடு இந்த மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நடக்கும் ஒவ்வொரு காலுக்கும் என் வணக்கம்!