அரங்கநாதன் தோண்டிய குழிகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஜெகதீசன் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கணவரை இழந்து நிற்கும் அருணா அம்மையார் அவர்களே, திண்டிவனம் சுற்றுவட்டாரத்திலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, வணக்கம்.

மண்ணியல் அறிஞர் அரங்கநாதன் போய்விட்டார்! ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் அவரோடு வேலை பார்த்த தென்னரசு நான். புகழ்ந்து பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் மண்ணைப் பார்த்தார், நான் கணினியைப் பார்த்தேன். எந்த இடத்தில் எத்தனை அடி மண், அது எவ்வளவு நீர் பிடிக்கும் என்பதெல்லாம் டிஜிட்டல் வரைபடமாக எங்களுக்கு வந்தது. அதை அப்படியே பயிர்க் கணிப்பு மென்பொருளுக்குள் செலுத்தினேன். நிலக்கடலை, நம் மல்லாட்டை, பதினெட்டு நாள் மழையில்லாமல் தாங்கும் என்றது. உங்கள் செல்போனுக்கு அந்தச் செய்தியை அனுப்பியது யார்? நான்தான்!

அரங்கநாதன் நம்பினாரா? கடப்பாரையோடு கிளம்பினார். விக்கிரவாண்டிப் பக்கம் கெங்கம்மாளின் மல்லாட்டைக் கொல்லையில் குழி வெட்டினார். அந்த அம்மா சிரித்தாராம்.

"மேல இருக்கறது எங்க மண்ணு இல்லீங்க சார். ஏரி வண்டலு, போன வருசம் டிராக்டர்ல அடிச்சிக்கினு வந்தோம். கீழ பூரா சரளைதாங்க."

வரைபடத்துக்காக மண் மாதிரி எடுக்கப் போனவர்கள் வண்டல் அடித்த நிலங்களில் மேலாக அள்ளிவந்திருந்தார்கள். ஒரு சாண் வண்டலை வரைபடம் மூன்றடி என்று எடுத்துக்கொண்டது. நாற்பத்தோரு குழி தோண்டினார் அரங்கநாதன்! முப்பத்தாறில் கீழே நீர் பிடிக்காத சரளை!

"இத்த நிறுத்துய்யா தென்னரசு. ஜனங்க நம்பி விதைச்சிக்கினு இருக்காங்க" என்றார்.

"அடுத்த பருவத்துல பாத்துக்கலாம் சார்" என்றேன். மறுவாரம், அடுத்த குழியை வெட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இனி தோண்டிப் பார்க்காத எந்த வரைபடமும் என் கணினிக்குள் போகாது. அவருடைய கடப்பாரையை எனக்குக் கொடுங்கள் அருணா அம்மா, மிச்சக் குழிகளை நான் வெட்டுகிறேன். இது உறுதி! ஆனால் விதைத்துவிட்டீர்களே, அதற்கு என்ன செய்வேன்?

இன்று காலை அவருடைய குழி அளவுகளை மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாள்தான் தாங்குமாம். கடைசி மழை பெய்து இன்றோடு பதினோரு நாள். இன்னும் ஒரு வாரத்துக்கு மழைக்கு வாய்ப்பில்லை என்கிறார்கள்.

கிணறு வைத்திருப்பவர்கள் மௌன அஞ்சலிக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்து போய்த் தண்ணீர் கட்டுங்கள். அவர் இருந்தால் அதைத்தான் சொல்வார்.

கிணறு இல்லாதவர்கள் மட்டும் இருங்கள். உங்கள் முன்னால்தான் நான் தலைகுனிந்து நிற்க வேண்டும்.