ஏர்போர்ட்டில் நின்ற பாஞ்சாலி

— உப்ப மண்ணோட சேத்து வார்றியே, பாத்து வாருய்யா! மேஸ்திரி பாத்தா இந்தக் குவியலையே தள்ளி வுட்டுருவான்.

— தள்ளட்டும். எல்லாத்தையும் தள்ளட்டும். நாளைக்கி அவன் வர்றான் தையலு, அந்த தேசப்பன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மேளம் வெச்சி, மாலை போட்டு ஊருக்குள்ள இட்டுனு வரப் போறாங்களாம். லண்டன்ல பாஞ்சாலி வேசம் கட்டுன மகராசன்!

— வந்தா வரட்டும். உனுக்கின்னா?

— எனுக்கின்னாவா? கேக்குற பாரு கேள்வி! இந்தக் கூத்து ஜமாவுல இத்தினி வருசமா பாஞ்சாலி யாரு? இந்தக் கலியன். துச்சாதனன் வேசம் கட்டி, சபையில என் முடியப் புடிச்சி இழுத்தவன் அவன். இப்ப என் டோப்பாவ மாட்டிக்கினு, என் சேலையக் கட்டிக்கினு, என் ஜாக்கெட்டப் போட்டுக்கினு வெள்ளைக்காரன் முன்னால ஆடிட்டு வர்றான். வேசப் பொட்டி மட்டும் மத்தவங்களோட லண்டனுக்குள்ள பூடுச்சி. நான் வெளிய.

— அந்த ஒடம்புக்கு உன் ஜாக்கெட்டு எப்பிடிப் பத்துச்சாம்?

— ஓரத்தப் பிரிச்சி வுட்டுக்கினானாம். அங்க பேப்பர்ல போட்டோ வேற வந்துச்சாம். சிரிக்காத.

— நான் எங்கய்யா சிரிச்சேன்? எனுக்கு சிரிப்பு ஒண்ணுதான் கொறச்சல். கூடையத் தூக்கி தலையில வையி.

— பாத்தியா, பாத்தியா. நான் திரும்பி வந்ததுலேர்ந்து நீ மூஞ்சி குடுத்தே பேசல. சோத்த வெக்கிற, எழுந்து போற. ஊர்ல எவன் வேணா கேலி பண்ணிட்டுப் போறான், நீயுமா தையலு?

— ஊரு கேலி பண்ணாம இன்னா செய்யும்? ஆறு பேரு ஏரோப்ளேன் ஏறிப் போனீங்க. அஞ்சு பேரு அங்க, நீ மட்டும் ரெண்டாம் நாளே பொம்மையார்பாளையத்துப் பக்கம் வேலைக்குப் போய்ட்டு வந்தவனாட்டம் வந்து நிக்குற. தண்ணிக்கொழாய் கிட்ட ஒவ்வொருத்தியும் கேக்குறா, ஒம் புருசன மட்டும் ஏன் தொரத்துனாங்கன்னு. நான் இன்னா சொல்ல? நீ ‘பேப்பர் சரியில்ல’ன்னு ஒத்த வார்த்த சொன்ன. அதோட சரி.

— சொன்னா மானம் போவுதுன்னுதான் சொல்லல. கேட்டுக்க, இப்ப சொல்றேன். லண்டன் ஏர்போர்ட்டுல எறங்குனதும் வரிசையில நிக்க வெச்சாங்க. எங்க ஆறு பேரையும் ஆபீசரு பாத்தானோ இல்லியோ, தனியா கூட்டினு பூட்டான். ஆளுக்கொரு ரூமு. கறுப்புக் கோட்டு போட்ட, தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தங்க குந்தினு மாத்தி மாத்தி சொன்னாங்க, நான் சொன்னத ஆபீசருக்கு, ஆபீசர் சொன்னத எனுக்கு. மொதல்ல பொட்டியத் தொறன்னான். கிரீடத்த எடுத்துத் தட்டித் தட்டிப் பாத்தான், உள்ள ஏதாவது அடைச்சி வெச்சிருக்கோமான்னு. நாயி வந்து அரிதாரப் பொடிய மோந்து பாத்துச்சி.

— நாயா?

— பெரிய நாயி. அந்தப் பொடிய சாமி கும்புட்டுத் தொடுவோம்டி நாம. அது மூக்கத் தேய்க்குது. அப்புறம் என் ஜாக்கெட்ட ரெண்டு வெரல்ல தூக்கிப் புடிச்சான், மாருக்குத் துணி அடைச்சி வெச்சிருக்கேன்ல, அதோட. பக்கத்து ரூமுலேர்ந்து ரெண்டு பேரு எட்டிப் பாத்து சிரிச்சானுங்க. ஊர்ல அந்த வேசத்துக்கு சூடம் காட்டுறாங்க. அங்க நான் கெடந்து பல்லக் கடிச்சிக்கினு நின்னேன்.

— அய்ய. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கறதுதான?

— எந்த பாசையில கேப்ப? அப்புறம் கையக் காட்டுன்னான். காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். உப்பு அரிச்ச கை எப்பிடி இருக்கும்? ‘இது கூத்து ஆடுறவன் கையா? கூலி வேலைக்கி வந்தவன் கையா இருக்குதே’ன்னான். ரெண்டும் நான்தான் சாமின்னேன். கூத்து இல்லாத நாள்ல உப்பு வார்றேன், உப்பு இல்லாத நாள்ல கூத்து ஆடுறேன்னேன். நம்பல. ‘அப்பிடின்னா ஆடிக் காட்டு’ன்னான்.

— அங்கியேவா? அந்த ரூமுலியா?

— அந்த ரூமுலதான். மத்தளம் இல்ல, முகவீணை இல்ல, பின்பாட்டு இல்ல. பேன்ட் சட்டையோட நிக்கிறேன். கண்ண மூடிக்கினு திரௌபதியம்மாவ நெனச்சேன். சபதம் எடுத்தேன் பாரு! கூந்தல் விரிச்ச பாட்டு, முழுசும். சத்தியமா சொல்றேன் தையலு, நம்ம கோயில்ல கூட அப்பிடிப் பாடுனதில்ல. சிரிச்சானுங்களே அவனுங்க, அவனுங்களே வாசப்படிக்கு வந்து நின்னு கேட்டானுங்க. ஆபீசர் தானே எழுந்து ஒரு கப்பு தண்ணி எடுத்தாந்து குடுத்தான். ‘குட்’டுன்னான். நான் நெனச்சேன், தப்பிச்சோம்டா கலியான்னு.

— அப்புறம்?

— அப்புறம் ஆபீசரும் அந்தத் தமிழ் தெரிஞ்சவங்களும் எழுந்து உள்ள போனாங்க. ‘செத்த இரு, ஒண்ணே ஒண்ணு விசாரிச்சிக்குறோம்’னாங்க. திரும்பி வந்தாங்க பாரு, ஆபீசரு மூஞ்சே வேற. என்ன நிமிந்தே பாக்கல. ‘நீ ஊருக்குத் திரும்பிப் போற ஆளு இல்ல. ஒனுக்கு வேண்டியவங்களே சொல்லிட்டாங்க’ன்னான். முத்திரையக் குத்துனான். முடிஞ்சிது.

— வேண்டியவங்களா? யாரு?

— அதத்தான் கேக்குறேன், யாரு? அந்த ஊர்ல எனுக்கு வேண்டியவன் எவன் இருக்கான்? பக்கத்து ரூமுல யாரு இருந்தான்? தேசப்பன்! அவன்தான் போட்டுக் குடுத்துருக்கான். ‘இவன் இங்கியே தங்கிடுவான் சார்’னு சொல்லிருக்கான். என் வேசத்து மேல அவனுக்கு எப்பவுமே ஒரு கண்ணு. துச்சாதனன் கட்டிக்கினு என்னப் பாக்கும்போதே எனுக்குத் தெரியும், அவன் பார்வ முடி மேல இல்ல, வேசத்து மேலன்னு.

— தேசப்பன் அப்பிடிச் செய்யிற ஆளு இல்லய்யா. உனுக்கு டைபாய்டு வந்தப்ப அவன்தான பைக்குல ஜிப்மருக்கு இட்டுனு போனான்.

— அவனுக்குப் பரிஞ்சினு வர்றியா? வா, வா. நீயும் நாளைக்கி ஆரத்தி எடு. ஆனா ஒண்ணு, திரௌபதியம்மன் கோயில் வாசல்ல, அத்தினி சனம் முன்னால, அவன் கழுத்து மாலையப் புடுங்கிக் கீழ போடுறனா இல்லியா பாரு. ‘என் பொழப்புல மண்ணப் போட்டியே, நீ ஆம்பளையா’ன்னு கேக்கப் போறேன். அதோட ஜமாவும் வாணாம், வேசமும் வாணாம். சாவுற வரைக்கும் உப்பையே வார்றேன்.

— நீ எவன் மாலையப் புடுங்குனாலும் பாக்க நான் இங்க இருக்க மாட்டேன். இன்னிக்கி சாயந்தரமே இடையஞ்சாவடிக்குப் போறேன், எங்கம்மா வூட்டுக்கு. துணியெல்லாம் கட்டி கட்டுலுக்கு அடியில வெச்சாச்சி.

— இன்னாது? இன்னாத்துக்கு? நான் திரும்பி வந்தது உனுக்கும் அசிங்கமா இருக்குதா?

— திரும்பி வந்தது இல்லய்யா. எதுக்குத் திரும்பி வந்தங்கறது. உன் வாயால வரட்டும், உன் வாயால வரட்டும்னு பாத்துக்கினே இருந்தேன். இப்பக் கூட நாயி, ஆபீசரு, தண்ணி குடுத்தான்னு இவ்ளோ பெரிய கத கட்டுறியே ஒழிய, அவளப் பத்தி ஒரு வார்த்த வர்ல. யாரு அவ?

— எவ? ஹெலன் அம்மாவா? அடிப்பாவி, சுனாமிக்கி அரிசி குடுக்க வந்து, நம்ம கூத்தப் பாத்துட்டு லண்டனுக்கு கூப்ட்டவங்க. எங்கம்மா வயசுடி அவங்களுக்கு!

— அந்தம்மா இல்ல. அது ஆரோவில்லேர்ந்து ஸ்கூட்டர்ல வந்து, உன் கையப் புடிச்சிக்கினு அபிநயம் கத்துக்கினப்பவே என் வயிறு எரிஞ்சிது. அது வேற எரிச்சல், அத வுடு. நான் கேக்குறது போன் பண்ணவள.

— எனுக்கு எவ போன் பண்ணா?

— உனுக்கு இல்ல. எனுக்கு! நீங்க ஏறிப் போன மறுநாளு. வெளக்கு வெக்கிற நேரம். இருசப்பன் கடையிலேர்ந்து ஆள் அனுப்புனாங்க, லண்டன் போனு, சீக்கிரம் வான்னு. நீதான் கூப்புடுறன்னு நெனச்சி அரிசி கழுவுன ஈரக்கையோட ஓடுனேன்யா. போய்ச் சேந்தாரா, சாப்ட்டாரா, குளுரு தாங்குறாரான்னு கேக்க ஓடுனேன். எடுத்தா, ஒரு பொம்பள!

— பொம்பளையா?

— நல்லா தேன் ஊத்துற கொரலு. தமிழுதான், ஆனா நம்ம தமிழு இல்ல. இழுத்து இழுத்துப் பேசுறா. எங்கேர்ந்து பேசுறான்னு மொதல்ல ஏதோ இங்கிலீசுல சொன்னா, அது எந்தப் பேட்டையோ எனுக்கின்னா தெரியும்? அப்புறம், ‘கலியன்ட மனுசியோ கதைக்கிறது? உங்கட மனுசன் இப்ப எங்களோடதான் இருக்கிறார்’ங்கறா! எவ்ளோ நெஞ்சழுத்தம் பாரு! புருசன வெச்சிக்கினு பொண்டாட்டிக்கே போன் போட்டு சொல்றா!

— தையலு… அந்தக் கூடைய எறக்கி வை.

— வுடு, நான் சுமந்துக்கறேன். இத்தினி நாளு சுமக்கல? உங்கப்பன் பேர சொல்றா. நீ பொறந்த தேதிய சொல்றா. எனுக்கே தெரியாதுய்யா உன் தேதி! எல்லாத்துக்கும் மேல, கடையில அவ்ளோ சனம் நிக்குது, ‘கழுத்தடியில ஒரு மச்சம் இருக்கு, அவர்தானே உங்கட மனுசன்’னு கேட்டா. காலரு மறைக்கிற எடத்து மச்சம். உன் மச்சத்த அவ எதுக்குய்யா பாத்தா?

— அது பாஸ்போர்ட்டுல… அடையாளம்னு போட்டு… ஐயோ, சிலோன் தமிழா அது? மூக்குக் கண்ணாடி போட்டுக்கினு, கறுப்புக் கோட்டு போட்டுக்கினு…

— கோட்டு போட்டாளோ, கழட்டுனாளோ, போன்லியா தெரியும்? ஆங், இப்ப வருது பாரு! யாருன்னு தெரியுதுல்ல உனுக்கு!

— தெரியுது. வேற இன்னா கேட்டாங்க? நெனப்பு வெச்சி சொல்லு.

— கேட்டாங்களாம்! மரியாத வேற! கடைசியா கேட்டா பாரு ஒண்ணு, இப்ப நெனச்சாலும் எனுக்குப் பத்திக்கினு வருது. ‘உங்கட மனுசன் திரும்பி ஊருக்கு வருவாரோ?’ங்கறா. என் புருசன் என் வூட்டுக்கு வருவானான்னு அவ எங்கிட்டயே கேக்குறா!

— நீ… நீ இன்னா சொன்ன?

— இன்னா சொல்லுவாங்க? அழுதுக்கினு கெஞ்சுவேன்னு நெனச்சாளா? ‘அவன் வரமாட்டான்டி! இந்த ஊரும் வாணாம், நானும் வாணாம்னுதான் அங்க வந்துருக்கான், நீயே வெச்சிக்க!’ன்னு கத்திட்டு பட்டுனு போன வெச்சேன். மறுநாளே நீ வந்து நிக்குற. நான் வுட்ட வார்த்தையில பயந்துக்கினு தொரத்தி வுட்டாளா இல்லியா? சொல்லு, அவ ஒன்ன வெச்சிக்கிட்டிருந்தாளா இல்லியா?

— வெச்சிக்கலடி. அந்த ரூமுல மாத்தி மாத்தி சொன்னாங்களே, அவங்கதான், பக்கத்துல குந்தியிருந்த ஆபீசர்கிட்ட நீ சொன்னத ஒரு வார்த்த வுடாம இங்கிலீசுல சொன்னாங்க, அவன் அடுத்த ப்ளேன்லியே என்ன ஒங்கிட்ட ஏத்தி வுட்டுட்டான்.