உறையாத பால்

ராஜபாளையத்தில் பஸ் ஏறியபோது எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் மடியில் கல்லூரிப் புத்தகங்கள். மற்றவளை அவள் கனகா என்று கூப்பிட்டாள்.

“ஏட்டி, நீ குடுத்த மாத்திரைய எங்கம்மா பால்ல போட்டுட்டா” என்றாள் கனகா.

“மாத்திரையவா? எதுக்குட்டி?”

“வீட்டுல உறை மோர் இல்ல. விளக்கு வச்ச பொறவு பக்கத்து வீட்டுல குடுக்க மாட்டாவ. மாத்திரையில தயிர்க் கிருமிதான் இருக்குன்னு நீதான சொன்ன? ரெண்ட உடைச்சுக் கொட்டிட்டா.”

“பாவி! வயிறு நல்லாருந்தா மனசும் தெளியுதான்னு பாக்கத்தான எங்க காலேஜ் சோதனைக்குன்னு குடுத்தேன். பாதிப் பேருக்குக் கிருமி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எங்க சாருக்குத்தான் தெரியும். சரி, பால் உறைஞ்சுச்சா?”

“இல்லையே.”

புத்தகக்காரி சற்று யோசித்தாள். “அப்ப உனக்கு வந்தது மாவுதான்.”

“மாவா? பரீட்சையில ஃபெயிலாயி மூலையில படுத்துக் கிடந்தேன். இப்ப திரும்ப எழுதப் போறேன்னு கிளம்பிட்டேனே! அது எதனாலட்டி?”

“எனக்கென்ன தெரியும்? நான் தினமும் சாயங்காலம் மாத்திரை கொண்டாருவேன், உங்க வீட்டுல காப்பி குடிப்பேன், செத்த நேரம் ஊர்க்கதை பேசுவேன். அம்புட்டுதான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் இறங்க எழுந்தார்கள்.

“மாவுன்னு தெரிஞ்ச பொறவு இனிமே உன்னச் சோதனையில சேக்க முடியாதுட்டி. மாத்திரையும் கிடையாது.”

“வேண்டாம். நீ மட்டும் வந்துரு. வரும்போது உங்க வீட்டு உறை மோர் கொஞ்சம் கொண்டா, விளக்கு வைக்க முன்னாடி.”