முல்லைமொட்டு மாலையின் மாற்று

தங்கத்தைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் எடையைத்தான் சொல்வார்கள். இத்தனை பவன் இருக்கிறது சாரே என்பார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. எடையைத் தராசே சொல்லிவிடும், அதற்கு நான் வேண்டாம். நான் வேண்டியது மாற்றுக்கு. அந்த எடைக்குள் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு, கல்லும் அரக்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு அதுதான் வேலை.

உங்கள் அம்மா வீடு களியக்காவிளைப் பக்கம் என்று சொன்னீர்கள், மேடம். அதனால் தமிழிலேயே பேசுகிறேன். மலையாளத்தில் பேசினால் எனக்கு ஆபீஸில் பேசுவது போல ஆகிவிடுகிறது. இது வீட்டு விஷயம்.

என் மனைவி மாளவிகா உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் பொய் எதுவும் இல்லை. அவள் பொய் சொல்லும் பெண் அல்ல. அவளுடைய நகைகளை நான் மாற்றினேன். அது சரிதான். ஆனால் ஏன் என்று அவள் எழுதவில்லை. அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு கரமனையில். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பைபாஸ் நெரிசலில் போய்வந்து இளைத்துப்போனாள். நான்தான் வேண்டாம் என்றேன். சம்பளம் என் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது, ஆகவே நஷ்டம் எனக்குத்தான். அதை நான் பொருட்படுத்தவில்லை. அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். போனில் யாருடன் பேசுகிறாள் என்று கேட்பேன். எந்தக் கணவனும் கேட்பதுதான். கை ஓங்கியதில்லை. இதை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் மாலை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். அவள் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெயர் தாணுலிங்கம். விதுராவில் பலசரக்குக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"வந்திரு மக்ளே," என்றார் அவர். "இங்க உனக்குக் கெடந்து உறங்க ஒரு முறி உண்டு. வேற யாருகிட்டயும் கேக்கண்டாம்."

"வேலை திரும்பக் கிடைக்கும் அப்பா. அதுவரைக்கும் அம்மைக்க நகை இருக்குல்லா. அத வித்து ஹாஸ்டல்ல நின்னுக்கிடுவேன்."

நான் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். வீட்டில் சத்தம் எனக்குப் பிடிக்காது. யோசித்துப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போக நினைக்கிற ஒரு பெண்ணுக்கு இரண்டு வேண்டும். விற்க ஏதாவது வேண்டும், போய்ச் சேர ஒரு இடம் வேண்டும். அவளிடம் இரண்டும் இருந்தன. முதலாவது என் தொழில்.

அவள் அம்மா சிவகாமியம்மாளின் நகைகள் பழைய காலத்தவை. இப்போது கடையில் வாங்கும் நகையில் முத்திரை அடித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்தால் எண் தெரியும். பழையதில் ஒன்றும் கிடையாது. வாய்ச்சொல்தான் முத்திரை. அவற்றில் பெரியது ஒரு முல்லைமொட்டு மாலை, மொட்டுமொட்டாகக் கோத்தது. பிறகு ஒரு ஜோடி காப்பு, ஒரு காசுமாலை. எல்லாம் இருபத்திரண்டு காரட். அந்தக் காலத்து வேலைக்கு அது நல்ல மாற்று.

ஒவ்வொன்றாக எடுத்துப் போனேன். பாலிஷ் மங்கிவிட்டது, கொக்கி தளர்ந்திருக்கிறது என்று சொன்னால் கொடுத்துவிடுவாள். நகை வேலை செய்யும் அனில் எனக்குப் பழக்கம். அவனிடம் அதே அச்சு, அதே எடை, ஆனால் பதினான்கு காரட்டில் வேண்டும் என்றேன். மேலே கனமாகத் தங்கப் பூச்சு. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தராசில் வைத்தால் ஒரு குன்றிமணிகூடக் குறையாது. அவள் ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்து, புதுசு போல இருக்கிறது என்றாள். சந்தோஷப்பட்டாள்.

மிச்சம் வந்த தங்கத்தை நான் தின்றுவிடவில்லை. உருக்கிக் கட்டியாக லாக்கரில் வைத்தேன். அவள் என்னோடு இருக்கிறவரை அது அவளுடையதுதான்.

அடுத்த வருஷம் ஓணம் கழிந்து அவள் வாய் திறந்தாள். ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள், கொஞ்ச காலம் தனியாக இருந்து பார்க்கிறேன் என்றாள். நடுங்கிக்கொண்டே சொன்னாள், பாவம். மாமாவும் விதுராவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நான் கோபப்படவில்லை. விற்பது உங்கள் இஷ்டம், ஆனால் கடைக்காரன் பழைய நகை என்றால் விலையை அடித்துப் பேசுவான், நான் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிடுகிறேன், பிறகு எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மாமாவுக்கு அதில் மனம் குளிர்ந்துவிட்டது. என்னைத் தப்பாக நினைத்துவிட்டதாக மகளிடம் சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தேன். மாலையின் உட்புறம் அரத்தால் லேசாகக் கீறி, அந்த இடத்தை உரைகல்லில் இழுத்து, பக்கத்தில் இருபத்திரண்டு காரட் தங்க முனை வைத்த சோதனை ஊசியால் ஒரு கோடு போட்டேன். இரண்டின் மேலும் ஆசிட் தொட்டு வைத்தேன். ஊசியின் கோடு அப்படியே நின்றது. மாலையின் கோடு எங்கள் மூன்று பேர் கண்ணெதிரே கரைந்து போயிற்று.

நான் கல்லை மாமா பக்கம் தள்ளி வைத்தேன்.

"இன்னொருக்கா பாருங்க மாப்பிள்ளே," என்றார். "இது எனக்க சிவகாமிக்க நகையாக்கும்."

மறுபடியும் பார்த்தேன். காப்பையும் பார்த்தேன். பிறகு அவர்கள் இருவரும் ஆட்டோ பிடித்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நகைக்கடையில் மெஷினில் வைத்துக் கேட்டார்கள். மெஷினும் அதையே சொல்லியிருக்கிறது. பதினான்கு. திரும்பி வந்தபோது மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அத்தைக்குப் புற்றுநோய் வந்தபோது அவர் இந்த நகைகளை அடகு வைத்து, பிறகு கடையை விற்றுத்தான் மீட்டார். அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் அவர் பக்கம்தான் பேசினேன், மேடம். கஷ்டகாலத்தில் மனிதன் என்ன செய்வான், நானாக இருந்தாலும் இப்படி ஏதாவது செய்திருப்பேன், கல்யாணத்தில் எடை குறையக்கூடாது என்று ஒரு தகப்பன் நினைத்தால் அது பெரிய குற்றமா என்று மாளவிகாவிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நன்றி சொல்லப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

மாளவிகா நின்றுகொண்டே கேட்டாள். "அம்மைக்க நகையில கை வெச்சீங்களா அப்பா?"

"இல்ல மக்ளே."

"பின்ன ஆரு?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பைப் போடும்போது அவருக்குக் கால் சரியாக நுழையவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். கிழக்கேகோட்டையில் விதுரா பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

அவள் போகவில்லை. கம்பெனிக்கு வரமுடியாது என்று எழுதிவிட்டாள். அப்பாவின் போனை எடுப்பதை நிறுத்தினாள். நான் எடுக்காதே என்று சொன்னதில்லை. பேசிவிடு, பெற்ற தகப்பன் அல்லவா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அப்படிச் சொல்லச் சொல்ல அவள் இறுகிப்போனாள். மனசு இடிந்து கிடந்தவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. லாக்கரிலிருந்து கொஞ்சம் எடுத்து அவளுக்கு ஒரு செயின் செய்வித்தேன். சுத்தமான இருபத்திரண்டு, முத்திரையோடு. கழுத்தில் போட்டுவிட்டபோது என் தோளில் சாய்ந்து அழுதாள். "சொந்த அப்பா ஏமாத்தின இடத்துல நீங்களாவது எனக்கு நெசமா ஒண்ணு தந்தீங்க" என்றாள். எங்கள் தாம்பத்தியத்தில் அந்த மாதங்கள்தான் நல்ல காலம். தோசைக்குக்கூட என்ன சட்னி வேண்டும் என்று கேட்டுத்தான் அரைப்பாள்.

மழைக்காலத்தில் மாமா இறந்தார். நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு ஜிஷா என்ற பெண் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மறுநாள் காலையில் எங்களுக்குத் தகவல் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மாளவிகா அழவில்லை. கொள்ளிக்குடம் உடைக்கும்போதும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாக் காரியத்தையும் மருமகன் ஸ்தானத்தில் நான்தான் நின்று நடத்தினேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு வந்த ஜிஷா ஒரு சின்னத் துணி முடிச்சை மாளவிகாவின் கையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாமா ஒப்படைத்ததாம். உள்ளே ஒரு ஜோடி கம்மல், முல்லைமொட்டு வேலை. மாலையோடு சேர்த்து ஒரே பொன்னில், ஒரே ஆசாரி செய்தது. அத்தை சாகிறவரை காதை விட்டுக் கழற்றாதது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என் தொழிலில் இதைக் கவனக்குறைவு என்பார்கள். ஒரு செட்டைப் பார்த்தால் அதன் மற்ற உருப்படிகள் எங்கே என்று கேட்க வேண்டும்.

அவள் என்னிடம் சொல்லாமல் கம்மலையும் மாலையையும் எடுத்துக்கொண்டு சாலைக் கடைக்குப் போயிருக்கிறாள். மாலை சமீபத்தில் செய்தது, கம்மலைச் செய்த கை அல்ல என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அன்று நான் ஆபீஸ் விட்டு வந்தபோது மேஜையில் செய்தித்தாள் விரித்திருந்தது. என் உரைகல், ஊசி, ஆசிட் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"இதையும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

கம்மலை இழுத்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை.

"இருபத்திரண்டு," என்றேன். கல்லின் முன்னால் எனக்குப் பொய் வராது.

"மாலையை பாலிஷுக்குக் கொண்டுபோனது நீங்க மட்டுந்தான்."

"ஆமாம்."

அவள் அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். அலறவில்லை. கழுத்திலிருந்த செயினைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா கடைசியில என்னக் கூப்பிட்டாங்களா?"

"இல்லை," என்றேன்.

அவள் ஒரு பையோடு ஜிஷாவின் வீட்டுக்குப் போனாள். பிறகு இங்கே வந்தாள். லாக்கர் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டேன். கட்டியை எடுத்து எடை போட்டுக்கொள்ளுங்கள். உருக்கியதில் போனதும், அந்தச் செயினுக்கு எடுத்ததும் போக மீதி சரியாக இருக்கும்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த போன் அழைப்பு விஷயத்துக்கு வருகிறேன். மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் அவர் நம்பரிலிருந்து மாளவிகாவின் போனுக்கு அழைப்பு போயிருக்கிறது, எடுத்துப் பேசியும் இருக்கிறார்கள், யார் பேசியது என்கிறீர்கள். நான்தான். போன் ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. அவள் அடுக்களையில் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், மகளுக்கிட்ட ஒருக்கா போனக் குடுங்க மாப்பிள்ளே, ஒரு வார்த்தை கேட்டா போரும் என்றார். அவள் கேட்டிருந்தால் புறப்பட்டுப் போயிருப்பாள். அங்கே உட்கார்ந்து இருவரும் பேசியிருப்பார்கள். பேசினால் ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கும். அவ்வளவு பாடுபட்டு அமைதியாக்கிய வீடு.

அவளுக்கு உங்களோடு பேச இஷ்டமில்லை மாமா, பக்கத்தில்தான் நிற்கிறாள், வேண்டாம் என்று தலையாட்டுகிறாள் என்றேன்.

மிக்ஸி சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பது அவருக்கு உறுதியாகியிருக்கும். "சரி, அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். பிறகு அவரே வைத்துவிட்டார். நான் அந்த அழைப்பை அவள் போனிலிருந்து அழித்தேன். இறந்த பிறகு ஆஸ்பத்திரியில் அவருடைய போனையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். அது என் ஆபீஸ் மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நகை விஷயத்தில் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்த போன் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம், மேடம். அவள் தாங்கமாட்டாள். அவளை நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.