எரித்தால் தீர்ந்துவிடுமா?

மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே, ஏலத்தோட்ட வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நம் பள்ளியின் வேதியியல் ஆசிரியை மகாராணி அம்மையார் மறைந்தார் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள். மறைந்தாரா? இல்லை! புகையில் மூச்சு முட்டிக் கொல்லப்பட்டார்! அதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான் இதை மென்மையாகச் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கு மேலே, குரங்கணி ஓடைக்கரையில், மருந்துக் குடோன் முதலாளி காசிமாயன் காலாவதியான பூச்சிமருந்தைக் குழியில் கொட்டி எரித்துவந்தார். அம்மையார் நேரே போய்க் கேட்டார். நானும் உடன் போனேன்.

"எரிச்சாச்சுல்ல டீச்சர்? ஒரு லோடு மருந்து ஒரு சட்டிச் சாம்பலாப் போச்சு. உங்களுக்கு இதுல என்ன சோலி?"

"சாம்பல் ஒரு சட்டிதாண்ணே. மிச்ச லோடு எங்க போச்சு?"

காசிமாயன் சிரித்தார்.

மறுநாள் வகுப்பில் அம்மையார் மூடிய குடுவைக்குள் தீக்குச்சிகளைப் போட்டு, லென்ஸால் வெயிலைக் குவித்துப் பற்றவைத்தார். எரியும் முன்னும் பின்னும் தராசு ஒரே எடைதான் காட்டியது. அதே அளவு குச்சிகளைத் திறந்த தட்டில் எரித்தபோது எடை குறைந்தது. "குறைஞ்சது எங்க?" என்றார்.

"நம்ம நெஞ்சுக்குள்ள டீச்சர்" என்றாள் மாணவி பாண்டீஸ்வரி.

பொருண்மை அழியா விதி! எதுவும் இல்லாமல் போவதில்லை. உருமாறும், இடம் மாறும். நம் பிள்ளைகள் அதை இருமி இருமிப் படித்தார்கள்!

எத்தனை கதவுகளை அம்மையார் தட்டினார்! யார் திறந்தார்கள்? "மருந்து இல்லாம ஏலக்காய் ஏது?" என்று சொல்லி அனுப்பியவர்கள் இந்த மேடையிலும் இருக்கிறீர்கள்!

போன வாரம் காற்று திரும்பியது. புகை வகுப்பறைக்குள் இறங்கியது. அம்மையார் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, சமையலறையில் வழி தெரியாமல் தவித்த சத்துணவுப் பணியாளர் மாயக்காளைத் தேடிப் போனார். "வெரசா வெளிய போங்கக்கா!" என்று அவரைத் தள்ளிவிட்டவர், தான் வாசலைத் தாண்டவில்லை. மாயக்காள் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் முகத்தைப் பாருங்கள்!

"டீச்சருக்கு முன்னமே மூச்சிளைப்பு" என்கிறார் காசிமாயன். பொய்! தினமும் மலைமேட்டை நடந்தே ஏறிய பெண்ணுக்கா இளைப்பு? காசிமாயன் அனுப்பிய மலர்வளையம் வெளியே கிடக்கிறது. யாரும் அதை உள்ளே கொண்டுவர வேண்டாம்.

அந்தக் குழி இன்னும் மூடப்படவில்லை. இன்று காலையும் ஒரு லாரி மேலே ஏறியிருக்கிறது. அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுக் கலைவதற்கா கூடினோம்? நான் இப்போதே அங்கே போகிறேன். அந்த லாரிக்கு முன்னால் உட்காரப் போகிறேன்.

மேடையில் இருப்பவர்களே, முதலில் நீங்கள் எழுந்திருங்கள்!