அக்கா பேசிய தாள்கள்

பசையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் தடவுவேன். சில்லென்று தலையில் பட்டால் யாருக்கும் பிடிக்காது. தலையில் கம்பிகளை ஒட்டி மூளை அலைப் பதிவு எடுப்பவன் நான். பதினாறு ஆண்டுகளில் ஒரு நோயாளிகூட என்மீது குறை சொன்னதில்லை, ஐயா.

அக்கா என்னைக் கம்பிக்காரன் என்பாள். "என் தலையில மட்டும் ஒட்டிடாதடா. உள்ள ஒண்ணும் இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்." நீச்சல் குளத்தில் மூழ்கியவளைத் தூக்கி வந்த மறுநாள் அந்தத் தலையில் நான்தான் கம்பி ஒட்டினேன். கோடுகள் ஏறக்குறையத் தட்டையாக இருந்தன.

மூன்றாம் வாரம் டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: "இன்னும் பத்து நாள் பாப்போம்மா. மாற்றம் இல்லேன்னா மூச்சு மெஷினை எடுக்கறதப் பத்திப் பேசணும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "தினமும் நீதானே பாக்குறே. அவ உள்ள இருக்காளாடா?"

நான் அன்றைய தாள்களை மடித்து வைத்தேன்.

மறுநாள் கம்பிகளைச் சரிசெய்யும்போது முழங்கை பட்டு ஆக்சிஜன் குழாய் கழன்றுவிட்டது. பதிவின்போது சத்தம் கூடாதென்று அலாரத்தை அணைத்து வைப்பது எங்கள் வழக்கம். கவனித்து மாட்டுவதற்குள் ஒரு நிமிடம் போயிருந்தது. அந்த ஒரு நிமிடமும் கோடுகள் எழும்பிக் குதித்தன. இருமினார், கை அசைந்தது என்று தாளின் ஓரத்தில் குறிப்போம். நான் "பேசினாள்" என்று எழுதினேன்.

அம்மா அந்தத் தாளை விரலால் தடவினாள். "என்னடா சொல்றா?"

"உன்னைத்தான் கேக்குறாம்மா."

பதினெட்டு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

டாக்டர் தாள்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இது வலிப்பு, தம்பி. ஆக்சிஜன் குறைஞ்ச மூளை இப்படித்தான் துடிக்கும். ஏன் குறையுதுன்னுதான் பிடிபடல." எனக்கும் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. ஆனால் அவர் அக்காவோடு வளர்ந்தவர் அல்ல.

முதல் முறை கை பட்டது. பிறகு ஆறு முறை நானே கழற்றினேன். ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதல் நேரம் கொடுத்தேன். கடைசி நாள் ஐந்து நிமிடம். நிறையப் பேசினாள். அப்புறம் கோடு நேராகிவிட்டது.

நடுவில் இரண்டு நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். அப்போது வேறொருவர் எடுத்த பதிவுகளில் அலைகள் மெல்லச் சீராகி வந்தன, விட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். அந்தத் தாள்களை நானும் பார்த்தேன், ஐயா. அவற்றில் அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.